எனக்குப் புரியவில்லை என்று ஜெபித்தேன்

இந்த நாள்வரைக்கும் என்னைக் கைவிடாமல் நடத்திவந்த ஆண்டவருக்கு முதலில் நன்றி. இதை வாசிக்கிற உங்கள் எல்லோருக்கும் என் அன்பின் வணக்கம்.

என் பெயர் ஷைனி. ஊர் கடலூர் முதுநகர். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். நான் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.டெக். தகவல் தொழில்நுட்பம் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். இரண்டாம் வருஷம் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. ஏனென்றால் போன வருஷம் அக்டோபர் மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலையில், இனி இந்தப் படிப்பே வேண்டாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலை விட்டு வெளியே வந்தவள் நான். அன்றைக்கு நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் ஞாபக சக்தியைத் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் பைபிள் வசனப் போட்டி என்றால் மற்ற பிள்ளைகள் இரண்டாம் பரிசுக்குத்தான் தயாராவார்கள். எங்கள் வீட்டில் இருக்கிற எவர்சில்வர் டிபன் பாக்ஸ்களில் பாதி நான் வசனம் ஒப்பித்து வாங்கியது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். தமிழ் மீடியம். பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கேள்வி பதிலை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்வேன். இயற்பியல் கணக்கைக்கூட மனப்பாடம் செய்துதான் எழுதினேன். பிளஸ் டூவில் நல்ல மார்க். சபையில் எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்டார்களோ இல்லையோ, எம் பொண்ணு ஐடி படிக்கப் போவுது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்லூரிக்குப் போன முதல் வாரத்திலேயே என் சாயம் வெளுத்துவிட்டது. பாடம் முழுக்க ஆங்கிலம். என் வகுப்பில் பாதிப் பேர் கம்ப்யூட்டரோடு பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். எனக்கு மவுஸை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. மேடம் வகுப்பு முடிந்ததும் "எனி டவுட்ஸ்?" என்று கேட்பார். சந்தேகம் வர வேண்டுமானால் கொஞ்சமாவது புரிந்திருக்க வேண்டுமே! நான் எல்லோரோடும் சேர்ந்து தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

என் ரூமில் இருந்தவள் கௌசல்யா. அண்ணாகிராமத்துப் பெண், முந்திரித் தோப்பு வைத்திருக்கிற குடும்பம். அவளுக்கும் ஆங்கிலம் தகராறுதான். ஆனால் எதற்கும் அசையமாட்டாள். தப்பாகப் பேசுவாள், தானே சிரிப்பாள், மறுபடியும் பேசுவாள். எனக்கு அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். அதையே பிடித்துக்கொண்டேன். ஒரு சீனியர் அக்காவின் ரெக்கார்ட் நோட்டை வாங்கி, அதில் இருந்த ப்ரோக்ராம்களை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மனப்பாடம் செய்தேன். சாயங்காலத்தில் ஹாஸ்டல் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே ஒப்பிப்பேன். அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது, அரைப்புள்ளி எங்கே, எல்லாம் அத்துப்படி. அது என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியாது.

"இன்னாடி இது, ப்ரோக்ராம் படிக்கிறியா, பாட்டு ஒப்பிக்கிறியா?" என்று கௌசல்யா கேட்டாள்.

"வேலயப் பாரு."

"இல்ல, ராகம் போட்டா நல்லா இருக்கும்னு சொன்னேன்."

இந்தச் சமயத்தில் நான் ஜெபிக்காமல் இல்லை. காலையும் மாலையும் ஜெபித்தேன். எங்கள் சபையில் ஜெபிக்கச் சொன்னால் தடங்கல் இல்லாமல் ஜெபிக்கிறவள் நான். பெரியவர்கள் சொல்லுகிற நல்ல நல்ல வார்த்தைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதே வார்த்தைகளில், ஞாபக சக்தியைப் பெருகப்பண்ணும் ஆண்டவரே, படித்ததெல்லாம் மறக்காமல் இருக்க உதவி செய்யும் என்று மன்றாடினேன். வீட்டுக்குப் போன் செய்து, சபையிலும் இதற்காக ஜெபிக்கச் சொல்லுங்கள் என்றேன். அம்மா ஜெப விண்ணப்பத்தில் சேர்த்தார். பாவம், எத்தனையோ பேர் என் ஞாபக சக்திக்காக முழங்காலில் நின்றார்கள்.

அப்புறம் லேப் டெஸ்ட் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே நல்ல மழை. மேடம் கேள்வியைப் போர்டில் எழுதினார். ஒரு வகுப்பின் மார்க்குகளை வரிசையாக வாங்கிக் கூட்டிச் சொல்லும் ப்ரோக்ராம் ரெக்கார்டில் உண்டு. அதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மேடம் அதையே கொஞ்சம் மாற்றி, எத்தனை பேர் பாஸ் என்று எண்ணிச் சொல்லும்படி கேட்டிருந்தார். எனக்கு மாற்றியிருப்பதே சரியாக உறைக்கவில்லை. மார்க் என்ற வார்த்தையைப் பார்த்ததும், ஆண்டவரே நன்றி, எனக்குத் தெரிந்ததே வந்துவிட்டது என்று விறுவிறுவென்று அடித்தேன்.

எப்படி அடித்தேன் தெரியுமா? ரெக்கார்ட் நோட்டில் ப்ரோக்ராமுக்குக் கீழே அவுட்புட், அதாவது அது தர வேண்டிய விடை, எழுதியிருக்கும். அதற்கும் கீழே, மேற்கண்ட ப்ரோக்ராம் வெற்றிகரமாக இயக்கிச் சரிபார்க்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். எல்லா ரெக்கார்டிலும் கடைசியில் எழுதுகிற சம்பிரதாய வரி அது. ப்ரோக்ராமில் சேராத அவுட்புட்டையும் அடித்தேன், அந்த வரியையும் அடித்தேன். ஆமென் சொல்லாமல் ஜெபத்தை முடிக்கிற பழக்கம் எனக்கு இல்லையே!

ரன் கொடுத்தேன். திரை முழுக்கத் தப்பு என்று காட்டும் சிவப்பு எழுத்து. ஒன்றுகூட ஓடவில்லை. மேடம் என் பின்னால் வந்து நின்று, குனிந்து பார்த்தார். முதலில் அவருக்கும் புரியவில்லை. பிறகு அந்தக் கடைசி வரியை வாய்விட்டு வாசித்தார். வெற்றிகரமாக இயக்கிச் சரிபார்க்கப்பட்டதாம். லேபே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

மேடம் சிரிக்கவில்லை. "மெமரைஸ் பண்ணியா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "திங்கட்கிழமை அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வாம்மா. நான் பேசணும்" என்றார்.

அப்பாவை எப்படிக் கூட்டி வருவேன்? ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிற மனிதர், காக்கிச் சட்டையோடு வந்து, உங்கள் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டுவிட்டுப் போக வேண்டுமா? அதைவிட நானே போய்விடுவது மேல் என்று முடிவு செய்தேன். கடலூரிலேயே ஏதாவது ஒரு டிகிரி படிக்கலாம், இல்லையென்றால் அம்மாவோடு துணிக்கடையில் நிற்கலாம். அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன்.

அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். நான் அழுது முடிக்கட்டும் என்று விட்டார். பிறகு, "சரி, வர்றதுன்னா வா. உன்ன யாரும் அடிச்சி தொரத்தப் போறதில்ல. ஆனா ஏசப்பாகிட்ட சொல்லிட்டு வா" என்றார்.

"தெனமும் ஜெபம் பண்ணிக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"நீ ஞாபக சக்தி வேணும்னுதான கேட்டுக்கிட்டு இருந்த? இப்ப எங்கிட்ட சொன்னியே, ஒண்ணும் புரியலம்மான்னு. அத அவருகிட்ட சொன்னியா?"

போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பையை அடுக்கினேன். கௌசல்யா குளிக்கப் போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். வழக்கமாக ஆரம்பிக்கிற வார்த்தைகள் எதுவும் வரவில்லை. எனக்கு மறதியே கிடையாது, ஆனால் அந்த நேரத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. "ஆண்டவரே, எனக்கு ஒண்ணுமே புரியல" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை.

வானம் திறக்கவில்லை. யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கௌசல்யா ஈரத் தலையோடு வந்து, பையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "இன்னிக்கி லேப் தெறந்திருக்குடி. மேடம் இருப்பாங்க. வா, ரெண்டு பேரும் போலாம். எனக்கும்தான் பாதி தப்பு."

"இல்லடி. நான் போறேன்."

"நானே தேவநாதசாமிகிட்ட உனுக்கும் சேத்து வேண்டிக்கிட்டு வந்தேன். நீ இன்னாடான்னா கெளம்புற" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். போன வாரம் ஊருக்குப் போனபோது திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் நம்பிக்கை அவளுக்கு. ஆனால் எனக்காக ஒருத்தி சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டாள் என்பது அப்போதும் என் மனதைத் தொட்டது. கிளம்பும்போது ஒரு முந்திரிப் பொட்டலத்தை என் பையில் திணித்து, "வெறுங்கையோட வீட்டுக்குப் போவாத" என்றாள்.

கல்லூரி வாசலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. நான்தான் முதல் ஆள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஷேர் ஆட்டோவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வண்டி நிறையாமல் நகராது. டிரைவர் இறங்கி நின்று, "பஸ்டாண்ட், பஸ்டாண்ட்" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒருவர் ஏறினார். டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நிறையவில்லை. மறுபடியும் கத்தினார். இன்னொருவர் ஏறினார். எட்டிப் பார்த்தார். நிறையவில்லை. மறுபடியும் கத்தினார்.

எனக்கு இது புதிதா? எங்கள் அப்பா முதுநகரில் இதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறார். சின்ன வயதில் லீவு நாளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆள் நிறைந்ததும் "ரைட்டுப்பா" என்று சொல்வது என் வேலை. அந்த நினைப்பில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு அக்கா குழந்தையோடு ஏறினார். குழந்தையைச் சீட்டில் உட்கார வைக்கப் பார்த்தார். டிரைவர் விடவில்லை. "புள்ளய மடியில வச்சிக்கம்மா. சீட்ல உக்கார்றவங்கதான் கணக்கு."

அந்த நிமிஷம் எனக்கு முதுகு நிமிர்ந்தது. பொய் சொல்லவில்லை, உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வண்டி நிறைகிறவரைக்கும் திரும்பத் திரும்பப் பார். நிறையவில்லையா, இன்னொரு ஆளை ஏற்று. நிறைந்துவிட்டதா, கிளம்பு. வாரக்கணக்கில் மேடம் போர்டில் எழுதிக்கொண்டிருந்த, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிற வொயில் என்ற வார்த்தை இதுதானே? நான் இத்தனை நாள் ராகம் போட்டு ஒப்பித்தது இதைத்தானே? ஏறுகிற ஒவ்வொருவரையும் பார்த்து, இவர் சீட்டில் உட்காருகிறாரா? ஆமென்றால் எண்ணு, மடியில் என்றால் விட்டுவிடு. அதுதான் ப்ரோக்ராமில் வருகிற இஃப்! மேடம் கேட்டதும் அவ்வளவுதான். ஒவ்வொரு மார்க்காகப் பார். பாஸா? எண்ணு. இல்லையா? விட்டுவிட்டு அடுத்ததைப் பார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சற்று முன்னால் கட்டிலுக்குப் பக்கத்தில் சொன்ன ஜெபத்துக்கு ஆண்டவர் கல்லூரி வாசலிலேயே பதில் வைத்திருந்தார். அதுவும் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவரின் மகளுக்கு ஷேர் ஆட்டோவில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். என் ஆண்டவருக்கு இவ்வளவு குறும்பு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

கடைசியாக ஒரு பெரியவர் ஏறினார். வண்டி நிறைந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

"அண்ணா, நிறுத்துங்க! நான் எறங்கணும்!"

"ஏம்மா, மொத ஆளா ஏறி இம்மா நேரம் உக்காந்திருந்த. இப்பதான் ஆள் சேந்துச்சி. இப்ப எறங்குறியே!"

"மன்னிச்சிக்குங்கண்ணா. எனக்குப் புரிஞ்சிடுச்சி."

"இன்னா புரிஞ்சிச்சி? எனுக்கு ஒண்ணும் புரியல" என்றார் அவர். ஏறியிருந்தவர்கள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் அவர்கள் கால்களைத் தாண்டிப் பையோடு குதித்தேன். பின்னால் "பஸ்டாண்ட், ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு" என்று மறுபடியும் சத்தம் கேட்டது. அந்த வண்டியில் இருந்தவர்கள் அன்றைக்கு என்னைத் திட்டியிருப்பார்கள். அவர்களுக்கும் ஆண்டவர் நன்மை செய்யட்டும்.

நேராக லேபுக்கு ஓடினேன். கௌசல்யா என்னைப் பார்த்ததும், "பஸ் இல்லியா?" என்றாள். நான் அவளைத் தாண்டி மேடத்திடம் போய் நின்றேன். மூச்சு வாங்கியது. "மேடம், நேத்து அடிச்சதுல எனக்கு ஒரு வரிகூட புரியல மேடம். முதல் நாள்லேர்ந்தே புரியல. இன்னிக்கிதான் கொஞ்சம் புரிஞ்ச மாதிரி இருக்கு. ஒரு தடவ செஞ்சி பாக்கட்டுமா?" என்று தமிழிலேயே கேட்டேன்.

மேடம் என்னையும் என் பையையும் பார்த்தார். பிறகு அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். "உக்காரும்மா. புரியலன்னு இந்த பேட்ச்ல எங்கிட்ட வந்து சொன்ன மொத ஆளு நீதான். எல்லாரும் தலையதான் ஆட்டுறீங்க."

உட்கார்ந்தேன். நோட்டைத் திறக்கவில்லை. வண்டியை நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் முதலில் தமிழில் ஒரு தாளில் எழுதினேன். பிறகு அதை ஒவ்வொரு வரியாக அடித்தேன். ரன் கொடுத்தால் மறுபடியும் சிவப்பு. ஒரு அரைப்புள்ளியை விட்டிருந்தேன். போட்டேன். மறுபடியும் சிவப்பு. கௌசல்யா எட்டிப் பார்த்து ஒரு அடைப்புக்குறியைக் காட்டினாள். மூடினேன். மறுபடியும் தப்பு வந்தது, ஆனால் இந்த முறை அது ஏன் தப்பு என்று எனக்கே தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நண்பகல் நெருங்கும்போது ப்ரோக்ராம் ஓடியது. நான் கொடுத்த மார்க்குகளில் எத்தனை பேர் பாஸ் என்று சரியாகச் சொன்னது. லேப் என்றும் பாராமல் "ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கௌசல்யா கைதட்டினாள். கொண்டுவந்த முந்திரியை அங்கேயே பிரித்து மேடத்துக்கும் கொடுத்தோம்.

திங்கட்கிழமை அப்பா வந்தார். இனி அவர் வர வேண்டாம் என்று மேடம் சனிக்கிழமையே சொல்லியிருந்தார். ஆனால் நான்தான் வரச் சொன்னேன். சலவை செய்த காக்கிச் சட்டை போட்டு, கைகட்டி நின்றார். "எம் பொண்ணு நல்லா படிக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இப்ப கேள்வி கேக்குதுங்க. அது போதும். மத்தது வந்துடும்" என்றார் மேடம். அப்பாவுக்கு அது பாராட்டா புகாரா என்று விளங்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார். பாராட்டுதான்பா என்றேன். அன்று சாயங்காலமே கடலூரில் ஆட்டோவில் ஏறியவர்களுக்கெல்லாம் அது தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொன்னால் அது சாட்சி ஆகாது. முதல் செமஸ்டரில் கணக்குப் பேப்பர் போய்விட்டது. அடுத்த முறை எழுதித்தான் பாஸ் செய்தேன். ஆங்கிலம் இன்னும் தடுக்குகிறது. ஆனால் தலையாட்டுவதை விட்டுவிட்டேன். புரியாவிட்டால் கை தூக்குகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள், பிறகு அவர்களே என் பக்கத்தில் வந்து, நீ கேட்டது நல்லதாப் போச்சு என்கிறார்கள். நான் ஞாபக சக்தியைக் கேட்டேன். எனக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோகிறவரை காத்திருந்து அதைக் கொடுத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் அன்பு பொங்குகிறது.

போன மாதம் லீவில் வந்தபோது இந்தச் சாட்சியை எங்கள் சபையில் சொன்னேன். சொல்லி முடித்ததும் பாஸ்டர், யாராவது ஒருவர் நன்றி செலுத்தி ஜெபிக்கலாம் என்றார். வழக்கமாக ஜெபிக்கிறவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. என் அம்மா. எனக்கு நினைவு தெரிந்து அவர் சபையில் வாய் திறந்து ஜெபித்ததே இல்லை. எனக்கு அழகாப் பேச வராது என்று சொல்லிக் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு எழுந்து நின்று, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "ஏசப்பா, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. எம் பொண்ணப் பாத்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றி" என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். சபை முழுவதும் ஆமென் என்று சொன்ன சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

இதை வாசிக்கிற தம்பி, தங்கையே, புது இடத்தில் ஒன்றும் பிடிபடாமல் பையை அடுக்கிக்கொண்டிருக்கிறாயா? கிளம்புவதற்கு முன்னால் என் அம்மா மாதிரி, உனக்கு வருகிற இரண்டு வார்த்தையில் அவரிடம் பேசிப் பார். அவர் கேட்கிறார். என் ஜெபத்தைக் கேட்டவர் உன் ஜெபத்தையும் கேட்பார். ஆமென்.